வசதியான நாட்டில் சத்தில்லாத தட்டு: பிரிட்டனில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வறிய குடும்பங்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும், கிழக்கு லண்டனில் உள்ள ஓர் உணவு வங்கியில் வாரம் ஒரு நாள் பொட்டலம் கட்டும் பணியில் இருக்கிறேன். பிரிட்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும், இங்கே மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருக்கிற ஊர் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்து, அறிந்த வரையில் விடை எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு வசதியான நாட்டில் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு எப்படி வரும்?

ஊட்டச்சத்துக் குறைபாடு என்றதும் எலும்பு தெரிகிற விலாவும் ஊதிய வயிறும்தான் நம் மனக்கண்ணில் வருகின்றன. அத்தகைய கடும் பட்டினி பிரிட்டனில் மிக அரிது. இங்கே காணப்படுவது வேறு வகை: வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டிய இரும்பும் வைட்டமின் டியும் அயோடினும் நார்ச்சத்தும் போதிய அளவில் போய்ச் சேருவதில்லை. மாதக் கடைசியில் வயிறே நிறையாத வீடுகளும் உண்டு. வீட்டு வாடகையைக் கழித்துப் பார்க்கும் அரசுக் கணக்கின்படி, 2023-24இல் பிரிட்டனில் சுமார் 45 லட்சம் குழந்தைகள், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், வறுமையில் இருந்தார்கள். டிரசல் அமைப்பின் உணவு வங்கிகள் அதே ஆண்டில் 31 லட்சம் அவசரப் பொட்டலங்களைக் கொடுத்தன. அவற்றுள் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவை குழந்தைகளுக்கானவை. அந்தக் குழந்தைகளுள் பலருடைய பெற்றோர் வேலைக்குப் போகிறவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான். அவனுக்கும் குறைபாடு இருக்கக்கூடுமா?

இருக்கக்கூடும். எடை என்பது உடலுக்குள் போன ஆற்றலின் கணக்கே தவிர, சத்தின் கணக்கன்று. இதற்கு நான் அறிந்தவற்றுள் மிக வலுவான சான்று 2019இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான பிரிஸ்டல் நகரத்து இளைஞரின் நோய்க்குறிப்பு. தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே அவர் சாப்பிட்டவை உருளைக்கிழங்கு வறுவல், சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு, சாசேஜ் ஆகியவை மட்டுமே. மற்ற உணவுகளின் வழவழப்போ கரகரப்போ நாக்கில் பட்டாலே அவருக்கு ஒவ்வாது. பதினான்கு வயதில் களைப்பு என்று மருத்துவரிடம் போனார். பதினேழு வயதுக்குள் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டது. வைட்டமின் பி12 குறைவு, செம்பும் செலினியமும் குறைவு, வைட்டமின் டி குறைவு என்று சோதனைகளில் வரிசையாகத் தெரியவந்தது. அவருடைய உயரமும் எடையும் இயல்பாகவே இருந்தன என்பதால் வெளிப்பார்வைக்கு எதுவும் புலப்படவில்லை.

இது அரிய நிகழ்வு. பரவலாக நடப்பது இதைவிட மெதுவானது. இங்கிலாந்தில் பள்ளியில் சேரும் வயதிலும் தொடக்கப் பள்ளியின் இறுதி ஆண்டிலும் குழந்தைகளின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. 2023-24 அளவீட்டின்படி, இறுதியாண்டான ஆறாம் வகுப்பில் 22.1 சதவீதக் குழந்தைகள் உடல் பருமன் உடையவர்கள். மிக வறிய பகுதிகளில் இது 29.2 சதவீதம், மிக வசதியான பகுதிகளில் 13.0 சதவீதம். பருமன் என்பது வசதியின் மிகுதியால் வருவது என்று நம் ஊரில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அது ஏழைக் குழந்தையைத்தான் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கிறது. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதற்காரணம் சொத்தைப் பல் என்பதும் இதே உணவின் இன்னொரு முகம்.

ரிக்கெட்ஸ் நோய் பழங்காலத்தோடு ஒழிந்துவிட்டதல்லவா?

ஒழியவில்லை, அதிலும் நம் நிறத்தவருக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரிக்கெட்ஸ் என்பது வளரும் எலும்பு கெட்டிப்படாமல் மென்மையாகவே நின்றுவிடுவது. வைட்டமின் டி இல்லாவிட்டால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. குழந்தை நடக்கத் தொடங்கியதும் உடலின் பாரம் தாங்காமல் கால்கள் வில்லாக வளைகின்றன, மணிக்கட்டு புடைக்கிறது, பல் முளைக்கத் தாமதமாகிறது. எக்ஸ்ரே படத்தில், கூர்மையான கோடாகத் தெரிய வேண்டிய மணிக்கட்டு எலும்பின் முனை, தேய்ந்த தூரிகையைப் போலப் பிசிறுபிசிறாகக் குழிந்து தெரியும். கைக்குழந்தைகளுக்குச் சில வேளைகளில் முதல் அறிகுறியே கால்சியம் குறைந்து வரும் வலிப்புதான்.

1650இல் லண்டன் மருத்துவர் பிரான்சிஸ் கிளிசன் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஐரோப்பாவில் இதை ‘ஆங்கில நோய்’ என்றே அழைத்தார்கள். தொழிற்புரட்சிக் காலத்தில் நிலக்கரிப் புகை வானத்தை மறைத்த நகரங்களில், ஒளி புகாத சந்துகளில் வளர்ந்த பிள்ளைகளிடையே இது பெருகியது. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஹாரியட் சிக் என்ற ஆங்கிலேய அறிவியலாளரும் அவருடைய குழுவினரும், மீன் எண்ணெய் கொடுத்தாலும் சரி, வெளிச்சம் படவைத்தாலும் சரி, நோய் குணமாகிறது என்று நிறுவினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வழங்கியது. உணவுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த அந்தப் போர்க்காலத்தில்தான் ஏழைக் குழந்தைகளின் உணவு மேம்பட்டது என்பது நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

பிறகு 1962இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் அங்கே குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் ரிக்கெட்ஸ் நோயை மீண்டும் கண்டு எழுதினார்கள். காரணம் எளியது. கருந்தோலில் உள்ள மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது; அதனால் அதே அளவு வைட்டமின் டி உண்டாவதற்குக் கூடுதல் வெயில் வேண்டும். பிரிட்டனில் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை, வெயில் அடித்தாலும் அந்தக் கதிர் போதிய அளவு தரைக்கு வருவதே இல்லை. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் தலைமுறை தலைமுறையாக வாசலிலேயே கிடைத்த ஒன்றை, லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் சொட்டு மருந்தாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பிரிட்டிஷ் அரசின் பரிந்துரை இது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்தது முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 8.5 முதல் 10 மைக்ரோகிராம். ஒரு வயது முதல் நான்கு வயது வரை ஆண்டு முழுவதும் 10 மைக்ரோகிராம். அதற்கு மேற்பட்டோர் எல்லாருக்கும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் 10 மைக்ரோகிராம். நம்மைப் போன்ற கருந்தோல் உடையவர்களும், வெளியே அதிகம் போகாதவர்களும், உடலை முழுக்க மூடி உடுத்துபவர்களும் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும். நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் புட்டிப்பால் மாவு குடிக்கும் கைக்குழந்தைக்குத் தனியாக வேண்டியதில்லை, ஏனெனில் அந்த மாவில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அளவை மீறிக் கொடுப்பதும் தீங்கு என்பதால் இரண்டு வகைச் சொட்டு மருந்தை ஒருசேரக் கொடுக்க வேண்டாம்.

பர்மிங்காம் நகரம் 2005 முதல் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும், வருமானம் கேட்காமல், இந்தச் சொட்டு மருந்தை இலவசமாக வழங்கியது. அதன் பின் ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் வைட்டமின் டி குறைபாட்டு நோய் பாதிக்கும் மேல் குறைந்தது.

வேறு எந்தச் சத்துகளில் கவனம் வேண்டும்?

முதலில் இரும்பு. நம் வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளை சோறு சாப்பிடவில்லையென்றால் உடனே ஒரு புட்டி பாலைக் கொடுத்துவிடுவது வழக்கம். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிறு பாலால் நிறைந்துவிட்டால் இரும்புள்ள உணவுக்கு இடமிருக்காது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முதன்மைப் பானமாகக் கொடுக்கக் கூடாது. அதற்குப் பின் நாளொன்றுக்கு 350 மில்லி அளவு போதும். பாட்டி பாசத்தோடு தொட்டுக் கொடுக்கிற தேநீரும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. பருப்பும் கீரையும் சாப்பிடும் பிள்ளைக்கு அதே வேளையில் ஒரு துண்டு ஆரஞ்சோ, பருப்பில் பிழிந்த எலுமிச்சையோ இருந்தால் அந்த இரும்பு நன்றாகச் சேரும்.

அடுத்தது பெரும்பாலோர் அறியாத அயோடின். இந்தியாவில் உப்பில் அயோடின் சேர்ப்பது சட்டம். அங்கிருந்து வருபவர்கள் அதைப் பற்றி நினைக்கவே தேவையிருந்ததில்லை. பிரிட்டனில் கடைகளில் விற்கும் சாதாரண உப்பில் பெரும்பாலும் அயோடின் கிடையாது. இங்குள்ளவர்களுக்கு அயோடின் பெரும்பாலும் பாலிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 14-15 வயதுப் பள்ளி மாணவியரிடையே இலேசான அயோடின் குறைவு இருப்பதைக் காட்டியது. மீன் சாப்பிடாத வீட்டில் பசும்பாலை விட்டு ஓட்ஸ் பாலுக்கோ பாதாம் பாலுக்கோ மாறுபவர்கள், அதில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். பாலும் முட்டையும்கூடச் சாப்பிடாத பிள்ளைகளுக்கு வைட்டமின் பி12 தனியே கொடுத்தாக வேண்டும்.

பெற்றோருக்குச் சமைக்கத் தெரியாததும் அக்கறையின்மையும்தானே இதற்கெல்லாம் காரணம்?

இந்தக் கேள்வி என் காதில் அடிக்கடி விழுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உணவு வங்கியில் நாங்கள் கட்டும் பொட்டலங்களில் ஒரு வகைக்குக் ‘கெட்டில் பொட்டலம்’ என்று பெயர். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பொருள்கள் மட்டுமே அதில் இருக்கும்: கோப்பை நூடுல்ஸ், பொடி சூப், சிறு உறையிலுள்ள ஓட்ஸ் கஞ்சி, பிஸ்கட், நீண்ட நாள் கெடாத பால். தற்காலிக விடுதியில் ஒரே அறையில் அடுப்பின்றி இருக்கும் குடும்பங்களுக்கும், முன்பணம் போட்டு ஓட்டும் மின்மீட்டரில் பணம் தீர்ந்துவிட்டவர்களுக்கும் அதைக் கொடுக்கிறோம். அந்தப் பொட்டலத்தை வாங்கும்போது, இதில் பழம் ஏதாவது இருக்குமா என்று மெல்லிய குரலில் கேட்காத தாய் அரிது. அவர்களுக்கு எதை ஊட்ட வேண்டும் என்று பாடம் நடத்தத் தேவையில்லை.

2022 மார்ச்சில் ஐஸ்லாந்து பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவர், வேகவைக்க எரிபொருள் செலவாகும் என்பதால் உணவு வங்கிகளில் சிலர் உருளைக்கிழங்கை வேண்டாமென்று சொல்வதாக வானொலியில் கூறினார். உணவுப் பொருள்களின் விலையேற்றம் 2023 மார்ச்சில் ஓராண்டுக் கணக்கில் 19 சதவீதத்தைத் தாண்டியது. பிரிட்டனில் ஒரே அளவு கலோரியைக் காய்கறி, பழம், மீன் போன்ற நல்ல உணவிலிருந்து பெற, பிஸ்கட், பொரித்த பண்டம் போன்றவற்றிலிருந்து பெறுவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகிறது என்று ஃபுட் ஃபவுண்டேஷன் அமைப்பு கணக்கிட்டுள்ளது. கையில் ஐந்து பவுண்டு மட்டுமே இருக்கும் தாய், பிள்ளை தொடாமல் ஒதுக்கிவிடக்கூடிய புரோக்கோலியை வாங்கிப் பரிசோதித்துப் பார்க்க முடியாது. ஒரு குழந்தை புதிய உணவை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேலும் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பத்துத் தடவையும் வீணாவதைத் தாங்குவதற்குப் பணம் வேண்டும். எனவே நிச்சயமாகச் சாப்பிடும் பண்டத்தையே அவள் வாங்குகிறாள்.

பள்ளியில் உணவு கொடுக்கும் வழக்கம் இங்கே எப்படித் தொடங்கியது?

போரில்தான் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களுள் பலர் உயரமும் உடல்தகுதியும் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேரரசுக்கே ஆபத்து என்று கவலை எழுந்து, 1904இல் ஓர் அரசுக் குழு அறிக்கை கொடுத்தது. 1906இல் பள்ளிகளில் உணவு வழங்க உள்ளாட்சிகளுக்கு அனுமதியளிக்கும் சட்டம் வந்தது. கட்டாயமில்லை, அனுமதி மட்டுமே.

யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டு நகரம் அதை முதலில் கையிலெடுத்தவற்றுள் ஒன்று. 1907இல் அங்கே மருத்துவர் ரால்ஃப் குரோலி, சுமார் நாற்பது ஏழைக் குழந்தைகளுக்குச் சில மாதங்கள் காலையில் பாலும் வெல்லப்பாகும் சேர்த்த ஓட்ஸ் கஞ்சியும், மதியம் சூடான உணவும் கொடுத்து, வாராவாரம் எடை பார்த்தார். மேசை விரிப்பு போட்டு, மேசையில் பூக்களும் வைத்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு விரிப்பும் பூவும் எதற்கு என்று யாரும் கேட்டிருக்கலாம். அதை வைத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். உணவு பெறாத குழந்தைகளைவிட இவர்களுடைய எடை தெளிவாகக் கூடியது. இடையே ஒரு வார விடுமுறை வந்தது. அந்த வாரத்தில் எடை இறங்கியது. விடுமுறைப் பசி என்று இன்று பேசப்படுவதை நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு தராசு காட்டிவிட்டது.

அதற்குப் பின் வந்த வரலாறு ஏற்றமும் இறக்கமுமானது. 1936இல் ஜான் பாய்ட் ஓர் என்ற அறிவியலாளர், வருமானத்தையும் உணவையும் ஒப்பிட்டு, நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முழு ஆரோக்கியத்துக்கு வேண்டிய உணவு கிடைக்கவில்லை என்று காட்டினார். 1944 கல்விச் சட்டம் பள்ளி உணவை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. 1946 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒரு பைன்ட் பால் இலவசமாகக் கிடைத்தது. 1968இல் தொழிற்கட்சி அரசு அதை உயர்நிலைப் பள்ளிகளில் நிறுத்தியது. 1971இல் கல்வி அமைச்சராயிருந்த மார்கரெட் தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறுத்தினார். 1980இல் பள்ளி உணவுக்கான சத்துத் தரங்களே நீக்கப்பட்டன. அவை மீண்டும் வர ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

இன்று பள்ளியில் இலவச உணவு யாருக்குக் கிடைக்கிறது?

எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல், பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில் எல்லாருக்கும் இலவசம். லண்டனில் 2023 செப்டம்பர் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் இலவசம். வேல்ஸிலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் உண்டு. ஸ்காட்லாந்தில் முதல் ஐந்து வகுப்புகளுக்கு உண்டு. இங்கிலாந்தின் பிற இடங்களில், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, யூனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தாலும் ஆண்டு ஊதியம் வரி போக 7,400 பவுண்டுக்கு மேலிருந்தால் கிடையாது என்ற விதி 2018இல் வந்தது. எவ்வளவு குறைந்த தொகை அது என்பதை வாடகை கட்டுகிற யாரும் அறிவார்கள். 2026 செப்டம்பர் முதல் அந்த வரம்பு நீக்கப்பட்டு, யூனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைக்கும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது.

எல்லாருக்கும் கொடுப்பது வீண்செலவு என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. முன்பெல்லாம் இலவச உணவு பெறும் பிள்ளைக்கு வேறு நிறச் சீட்டு கொடுத்த பள்ளிகள் இருந்தன. அந்தச் சீட்டைக் காட்டக் கூசி மதிய உணவையே விட்டுவிட்ட பிள்ளைகள் இன்று நடுவயதினர், இன்னும் அதை மறக்கவில்லை. இப்போது பல பள்ளிகளில் விரல்ரேகை வைத்துக் கணக்கு முடிப்பதால் யாருக்கு இலவசம் என்பது வரிசையில் தெரிவதில்லை. ஆனாலும் விண்ணப்பிக்க வெட்கப்படும் பெற்றோர் இருக்கிறார்கள், நம்மவரிடையே சற்று அதிகமாகவே. எல்லாருக்கும் ஒரே தட்டு என்றால் இந்தக் கூச்சத்துக்கே இடமில்லை.

விடுமுறை நாள்களில்?

2020 ஜூனில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, தான் சிறுவயதில் இத்தகைய உதவிகளை நம்பி வளர்ந்ததைச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். மறுத்து வந்த அரசு ஒரே நாளில் நிலை மாறி, கோடை விடுமுறைக்கும் வாரம் 15 பவுண்டு உணவுச் சீட்டு கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக, 2021 முதல் இங்கிலாந்து முழுவதும் ஈஸ்டர், கோடை, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் இலவச உணவுத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டும் உணவும் சேர்ந்த முகாம்கள் நடக்கின்றன. உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் பதியலாம். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்.

பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளுக்கு என்ன உதவி உண்டு?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் ஹெல்த்தி ஸ்டார்ட், ஸ்காட்லாந்தில் பெஸ்ட் ஸ்டார்ட் ஃபுட்ஸ். குறைந்த வருமானமுள்ள கர்ப்பிணிக்கும் நான்கு வயதுக்குட்பட்ட (ஸ்காட்லாந்தில் மூன்று வயதுக்குட்பட்ட) பிள்ளையுள்ள குடும்பத்துக்கும் ஒரு பண அட்டை கிடைக்கும். அதில் பால், பழம், காய்கறி, பருப்பு வகை, கைக்குழந்தைப் பால்மாவு வாங்கலாம். நம் கடையில் விற்கும் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும்கூட இதில் அடங்கும். வைட்டமின் சொட்டு மருந்தும் இலவசம். ஹெல்த்தி ஸ்டார்ட் அட்டைக்கு 2021இல் வாரம் 4.25 பவுண்டு, முதல் வயதுவரை 8.50 பவுண்டு என்று வைத்த தொகையை, விலைகள் அத்தனை ஏறிய ஆண்டுகளிலும் 2025 வரை உயர்த்தாமலே வைத்திருந்தார்கள். இதைச் செய்தவர்கள் ஒருமுறை அந்த அட்டையோடு கடைக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

சர்க்கரைப் பானங்களுக்கு வரி போட்டதால் பயன் உண்டா?

உண்டு. 2018 ஏப்ரலில் வந்த வரி, குடிப்பவரிடமிருந்தன்றித் தயாரிப்பாளரிடமிருந்து, சர்க்கரையின் அளவுக்கேற்ப வசூலிக்கப்படுகிறது. அதனால் பல நிறுவனங்கள் வரி தொடங்குமுன்பே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடையே உடல் பருமன் எதிர்பார்த்ததைவிட எட்டு சதவீதம் குறைந்ததாக 2023இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆண்பிள்ளைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. 330 மில்லி டின் சாதாரண கோலாவில் 35 கிராம் சர்க்கரை. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மேல்வரம்பு 19 கிராம்.

என் பிள்ளையிடம் எந்த அறிகுறியைப் பார்த்தால் மருத்துவரிடம் போக வேண்டும்?

பிறந்தபோது கொடுத்த சிவப்புப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். பிள்ளை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, தன் கோட்டிலிருந்து இரண்டு கோடுகள் கீழே இறங்குகிறதா, மேலே தாவுகிறதா என்பதே முக்கியம். பதினெட்டு மாதமாகியும் நடக்காமை, வளையும் கால், வெளிறிய உள் இமை, ஓயாத சோர்வு, மண்ணோ சுவர்ச் சுண்ணாம்போ தின்னும் பழக்கம், ஐந்தாறு பண்டங்களைத் தவிர எதையும் தொடாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெல்த் விசிட்டரிடமோ (சிறு குழந்தைகளைக் கவனிக்கும் செவிலியர்) குடும்ப மருத்துவரிடமோ சொல்லுங்கள். ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நாங்கள் விசாவில் இருக்கிறோம். உதவி கேட்டால் விசாவுக்குப் பாதிப்பு வருமா?

உங்கள் விசாவில் ‘பொது நிதி பெற உரிமையில்லை’ என்ற நிபந்தனை இருந்தால், யூனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகைகளைக் கேட்கக் கூடாது. ஆனால் குடியேற்ற விதிகளில் பள்ளி உணவு பொது நிதியாகக் கருதப்படுவதில்லை. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளும், வருமானமும் சேமிப்பும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், இங்கிலாந்தில் இலவசப் பள்ளி உணவு பெறலாம். 2020இல் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட இந்த உரிமை பின்னர் நிரந்தரமாக்கப்பட்டது. உணவு வங்கியும் பொது நிதியன்று. அங்கே போக உங்கள் பள்ளியோ குடும்ப மருத்துவரோ ஆலோசனை மையமோ ஒரு பரிந்துரைச் சீட்டு தருவார்கள். பள்ளி அலுவலகத்தில் படிவத்தைக் கேட்கும்போது விசா பற்றி அஞ்சி நிற்க வேண்டாம்; அங்கே வருமானச் சான்றும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கப்படலாம், எனவே சம்பளச் சீட்டுகளை எடுத்துப் போங்கள்.